கடற்கரைக்காரங்க இருந்த இடம் ஏன் சர்க்கார் கணக்குல இல்ல?

ராமநாதபுரத்துல சிவில் கேஸ் பாக்குற வக்கீல் நான். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்னு கடலை ஒட்டுன ஊர்லேருந்து வர்றவங்க பெரும்பாலும் ஒரே வார்த்தையிலதான் ஆரம்பிப்பாங்க, "தாத்தா பூட்டன் காலத்துலேருந்து இங்கதான் சார் இருக்கோம்". அது பொய்யில்ல. ஆனா தாலுகா ஆபீஸ்ல போய் பாத்தா அந்த இடம் புறம்போக்குன்னு இருக்கும், இல்லன்னா பங்காளி பேர்ல இருக்கும். இது ஏதோ ஒரு விஏஓ தப்பா எழுதுனதால வந்ததுன்னு நினைச்சு அவரோட சண்டை போட்டு வருஷத்தை ஓட்டிடுறாங்க, ஆனா வேரு அதைவிட ரொம்ப பழசு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்த சீமையை எப்படி கணக்கு எழுதினான்ங்கறதுல இருக்கு.

1795-ல ராமநாதபுரம் ராஜா முத்துராமலிங்க சேதுபதியை கம்பெனி பதவியிலேருந்து இறக்கி சிறையில வச்சது. 1801-ல ஆற்காட்டு நவாபோட கர்நாடக சீமை மொத்தமும் அவங்க கைக்குப் போச்சு. 1803-ல அவரோட சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், கொடுத்து ராமநாதபுரத்தை நிரந்தர ஜமீன் ஆக்குனாங்க. அதாவது சேது நாடு முழுசுக்கும் கம்பெனி புஸ்தகத்துல ஒரே ஒரு பேரு, வருஷத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ்னு கப்பமா ஒரு தொகை, மழை பெஞ்சாலும் பெய்யாட்டியும் அதை ரொக்கமா கட்டணும், பாக்கி வச்சா ஜமீனையே ஏலம் விடலாம். நம்ம ஊரு வானம் பாத்த பூமி. ஒரு வருஷம் விளையும், ரெண்டு வருஷம் பொய்க்கும். இந்த மண்ணுல போய் மாறாத ஒரு தொகையைக் கட்டுன்னா என்ன ஆகும்? ஜமீன் கடன் வாங்கும், கிராமங்களை குத்தகைக்கு விடும், குத்தகை எடுத்தவர் குடியானவன் கிட்ட பிழிவாரு. கண்மாய் மராமத்துக்குப் பணம் எடுக்க யாருக்கும் கை வராது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைன்னு பேர் வாங்குன ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் மாதிரி ஒண்ணை வெட்டி வச்ச சீமையில கண்மாய்ங்க தூர்ந்து போனதுக்கு வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இதுல கடற்கரை ஆளுங்க நிலைமை இன்னும் மோசம். வயல்ல உழுதவனாவது ஜமீன் கணக்குல குடிவாரதாரனா, அதாவது உழுது பங்கு எடுக்குற உரிமைக்காரனா, எங்கயாவது ஒரு வரியில இருப்பான். வலை இழுத்தவங்க, சங்கு குளிச்சவங்க, பனை ஏறுனவங்க, இவங்க குடியிருந்த மணலுக்கு தீர்வை, அதான் நிலவரி, கிடையாது, தீர்வை இல்லாத இடத்துக்கு கணக்குல பேரும் கிடையாது. சங்கையே எடுத்துக்கங்க, வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போற சங்கு, ராமநாதபுரம் கடல்ல அதைக் குளிச்சு எடுக்குற பாத்தியம் ஜமீனுது, அதைக் குத்தகைக்கு விடுவாங்க, மூச்சடக்கி முங்குனவருக்கு எடுத்த சங்குக்கு கூலி, அவ்வளவுதான். உப்பும் அப்படித்தான், 1805-லேருந்து மதராஸ் மாகாணத்துல உப்பு கம்பெனியோட ஏகபோகம், வீட்டு வாசல்ல தானா பூத்த உப்பை அள்ளுனாலும் குத்தம்னு ஆச்சு.

விளைச்சல் இல்லாம, கடன் தாங்காம ஜனங்க சிலோனுக்குப் போனாங்க. 1830-களுக்கு அப்புறம் அங்க காப்பித் தோட்டம், பின்னாடி தேயிலை, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிட்டுப் போவாரு. மண்டபம் கேம்ப்ங்கற பேரே அங்க ஆளுங்களை நிறுத்தி வச்சு டாக்டர் பாத்து அனுப்புன முகாமால வந்ததுதான். 1914-ல பாம்பன் பாலம் திறந்து ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போனதும் போக்குவரத்து இன்னும் பெருகுச்சு. இது ஏதோ பழங்கதை இல்ல, என் மேஜைக்கு வர்ற பாகப்பிரிவினை கேஸ் பலதுல இதுதான் முடிச்சு. எப்படின்னா, வயல் வயலா அளந்து தனித்தனியா பட்டா போடுற வேலை, மதராஸ் கவர்னரா இருந்த மன்றோ கொண்டு வந்த ரயத்துவாரி ஊர்கள்ல, அதாவது குடியானவனே நேரா சர்க்காருக்கு வரி கட்டுன ஊர்கள்ல, வெள்ளைக்காரன் காலத்துலயே நடந்துருச்சு, ஜமீன் கிராமங்கள்ல அது முழுசா நடந்தது 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான். அந்த செட்டில்மெண்ட் அதிகாரி வந்து விசாரிக்கிறப்போ யாரு ஊர்ல இருந்தாங்களோ அவங்க பேர்ல பட்டா விழுந்துச்சு. அண்ணன் கண்டியில, தம்பி ஊர்ல. இன்னைக்கு அண்ணன் பேரன் வந்து பங்கு கேட்டா தம்பி பேரன் பட்டாவை நீட்டுறாரு.

அந்த 1948 சட்டத்துல மூணாவது பிரிவை ஒரு தடவையாவது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க. ஜமீன்ல இருந்த பொது நிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல், காடு, ஆறு, கண்மாய் எல்லாம் அரசுக்குன்னு வரிசையா வரும், அந்த வரிசையில மீன்பிடிப்பும் இருக்கு. உழுத நிலத்துக்கு குடியானவனுக்கு பட்டா கிடைச்சுது, அது பெரிய நல்ல காரியம், அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வலை காயப்போட்ட மணல், வள்ளத்தை ஏத்தி வச்ச கரை, கருவாடு உலத்துன மேடு, இதெல்லாம் யாரும் உழல, அதனால யாருக்கும் பட்டா கேக்க வழியில்லாம மொத்தமா அரசு பக்கம் போயிருச்சு.

போன மழைக்காலத்துல ஒரு ஆத்தா வந்தாங்க, கடலோர குப்பம்தான், ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்ல பேப்பரை சுத்தி சேலை மடிப்புல வச்சு எடுத்துட்டு வந்தாங்க. "தம்பி, வருஷம் தவறாம தீர்வை கட்டியிருக்கேன், எடத்தை காலி பண்ணச் சொல்றாக"ன்னாங்க. பிரிச்சுப் பாத்தா கார்பன் மை மங்கிப்போன ரசீது, பசலி வருஷம் (வருவாய்த் துறை கணக்கு வருஷம்) போட்டது, மேல சர்வே நம்பர், சென்ட் கணக்கு, கீழ கிராம கர்ணம் கையெழுத்துலேருந்து விஏஓ கையெழுத்து வரைக்கும் தலைமுறை தலைமுறையா இருக்கு. அத்தனையும் பி மெமோ. அதாவது 1905-ம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, "நீ அரசு நிலத்தை ஆக்கிரமிச்சிருக்க, அதுக்கு இந்த அபராதம்"னு போட்ட தாள். இத்தனை வருஷமா தீர்வைன்னு நினைச்சு அவங்க அபராதம் கட்டிட்டு வந்திருக்காங்க. அதைச் சொன்னப்போ அவங்க முகத்தைப் பாக்க எனக்கு தைரியம் வரல.

அந்தத் தாளை ஆனா கிழிச்சுப் போட்டுராதீங்க. பி மெமோ இருந்தா நீங்க அந்த இடத்துல எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு அரசே எழுதிக் கொடுத்த ஆதாரம் அது, ஆட்சேபனை இல்லாத புறம்போக்கா இருந்தா ஒப்படைப் பட்டா, அதாவது அரசு நிலத்தை உங்களுக்கு ஒதுக்கித் தர்ற பட்டா, கேக்குறப்போ அதுதான் முதல்ல வேணும். அதே சமயம் நிலம் அரசுதுன்னு நீங்க ஒத்துக்கிட்டதாவும் அது ஆகும், அதனால "அனுபவ பாத்தியத்துல எனக்கே சொந்தம்"னு கேஸ் போட்டா அதே தாளு உங்களை அடிக்கும். புரோக்கர்ங்க 12 வருஷம் இருந்தா போதும்னு சொல்லி வைப்பாங்க, அது தனியார் நிலத்துக்கு, அரசு நிலத்துக்கு 30 வருஷம், அதுவும் அரசோட உரிமையை மறுத்து இருந்தேன்னு நிரூபிக்கணும். எந்த வழியில போறோம்னு முடிவு பண்ணாம ரெண்டையும் ஒரே மனுவுல எழுதி வக்கிறதுதான் நான் பாக்குற பெரிய சேதாரம்.

இன்னொண்ணு, கிராம நத்தமும், அதாவது ஊர் ஜனங்க வீடு கட்டி குடியிருக்குற இடமும், கடல் புறம்போக்கும் ஒண்ணு இல்ல. நத்தத்துல வீடு கட்டி குடியிருக்கிறவங்க இடம் அரசுக்குச் சொந்தமானது இல்லன்னு சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புல சொல்லியிருக்கு. குப்பத்துல பாதி வீடு நத்தத்துலயும் பாதி புறம்போக்குலயும் இருக்கும், நோட்டீஸ் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா வரும், எல்லாரும் பயந்து ஒண்ணா கையெழுத்துப் போடுவாங்க. போடாதீங்க. முதல்ல உங்க சர்வே நம்பருக்கு ஏ-ரிஜிஸ்டரையும் (கிராம நிலப் பதிவேடு) எஃப்எம்பியையும் (நில அளவை வரைபடம்) எடுங்க, ஆன்லைன்லயே கிடைக்குது. ஜமீன் கிராமமா இருந்தா அதோட நிக்காம எஸ்எல்ஆர், அதான் செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு, அதுக்கு கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல நகல் மனு போடுங்க, கிடைக்கலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. செட்டில்மெண்ட்ல என்ன எழுதியிருக்குங்கறதுக்கு கோர்ட்டுல இருக்குற வெயிட்டு பின்னாடி யாரோ மாத்திக்கிட்ட பட்டாவுக்கு இருக்காது. சிலோன் போன குடும்பமா இருந்தா பழைய பாஸ்போர்ட், கேம்ப் சீட்டு, அங்கேருந்து பணம் அனுப்புன மணியார்டர் துண்டு எது இருந்தாலும் பத்திரமா வைங்க, ஊர்ல இல்லாதது பாத்தியத்தை விட்டுக்கொடுத்ததா ஆகாதுன்னு காட்ட அது உதவும்.

அந்த 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்தோட ஏழாவது பிரிவுல நோட்டீஸ் வந்தா அதுல பதில் சொல்ல தேதி போட்டிருக்கும். அந்தத் தேதிக்குள்ள எழுத்துல பதில் கொடுத்து அதே ஆபீஸ்ல தேதி முத்திரையோட ஒப்புகை வாங்குங்க, வாயால தாசில்தார் கிட்ட சொல்லிட்டு வந்தேங்கறது கணக்குல வராது. வருஷா வருஷம் ஜமாபந்தி, அதான் தாலுகாவுல நடக்குற வருவாய்க் கணக்குத் தணிக்கை, நடக்குது, அதுக்கும் தனிப்பட்ட மனுவா போகாம குப்பத்து ஆளுங்க சேர்ந்து சர்வே நம்பர் வாரியா லிஸ்ட் போட்டு, வலை காயப்போடுற இடம், வள்ளம் நிறுத்துற கரை எதுன்னு எஃப்எம்பி நகல்ல குறிச்சு மனு கொடுங்க, மனு நம்பரை மறக்காம எழுதி வச்சுக்கங்க.