இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு காந்தாரம்

ஹார்மோனியத்தில் ‘க’ ஸ்வரத்தின் இரு வகைகளை, கீழே உள்ள சாதாரண காந்தாரத்தையும் அடுத்த கட்டையில் மேலே உள்ள அந்தர காந்தாரத்தையும், ஒருசேர அழுத்திப் பாருங்கள். பாட்டு வாத்தியார் பக்கத்தில் இருந்தால் முகம் சுளிப்பார். ஆனால் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ என்ற அமெரிக்கப் பாட்டின் உயிர் அந்தக் கரகரப்பில்தான் இருக்கிறது.

மெம்பிஸ் நகரில் இசைக்குழு நடத்திவந்த டபிள்யூ. சி. ஹேண்டி அதை 1914-இல் அச்சிட்டார். அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பினப் பாடகர்கள் காந்தாரத்தை மேலேயும் நிறுத்தாமல் கீழேயும் நிறுத்தாமல் நடுவில் வழுக்கவிட்டார்கள். மேற்கத்திய இசைக்குறிப்பில் அதற்கு இடமில்லை. ஆகவே ஹேண்டி கீழ்க் காந்தாரத்தை எழுதிச் சமாளித்தார்.

பாட்டின் சுருதி ஜி, அதாவது மேற்கத்திய இசையின் ‘ஜி’ ஸ்வரமே இங்கே ‘ஸ’. அதில் அந்த இரு காந்தாரங்களும் வினாடிக்கு ஏறக்குறைய 233, 247 அதிர்வுகள். இரண்டும் சேர்ந்து ஒலித்தால், அவற்றின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை முறை, அதாவது வினாடிக்கு 14 முறை, ஒலி ஏறி இறங்கும். வினாடிக்கு இரண்டு மூன்று முறை என்றால் காதால் எண்ணிவிடலாம். 14 என்றால் எண்ண முடியாது, கரகரப்பாகத்தான் கேட்கும். பியானோக்காரர்கள் கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைக்கு விரலைச் சறுக்கவிட்டு இதை வரவழைப்பார்கள்.

இன்னும் நுட்பமான விஷயம், கீழே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, அதாவது ஒருசேர ஒலிக்கும் சில ஸ்வரங்கள். அது அந்தர காந்தாரத்தைப் பிடித்திருக்க, குரல் கீழ்க் காந்தாரத்தில் சாய்ந்து உரசும். கூட்டு மத்யமத்தை (‘ம’) ஆதாரமாகக் கொண்டதாக மாறியதும், உரசிய அதே ஸ்வரம் அதன் கைசிகி நிஷாதமாகி (கீழ் ‘நி’) உட்கார்ந்துவிடும். விருந்தாளி வீட்டுக்காரர் ஆவதுபோல!

நடுவே டாங்கோ நடன நடையில் 16 ஆவர்த்தனங்கள் (தாளச் சுற்றுகள்) வந்துபோகும். மற்றவை 12 ஆவர்த்தனச் சட்டகம்: நான்கு நான்காக மூன்று வரிகள். ஒவ்வொரு வரியும் நான்காவது ஆவர்த்தனம் முடியும் முன்பே நின்றுவிடும். மிச்ச இடம் வாத்தியத்தின் பதிலுக்கு. பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிய இசைத்தட்டில் அந்த இடத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) நுழைகிறது. பெஸ்ஸி சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. பின்னணியில் ஃபிரெட் லாங்ஷாவின் ஹார்மோனியம். கட்டைகள் அசையாமல் நிற்க, குரல் மட்டும் அவற்றின் இடுக்கில் வழுக்குகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாட்டுக்கு இதைவிடச் சிறந்த பதிவு இல்லை.

சட்டகமும் இடைவெளியும் அப்படியே 1950-களின் ராக் அண்டு ரோலுக்குப் போயின. பதில் சொல்லும் வேலை சக் பெர்ரி போன்றவர்களின் கிதாருக்கு வந்தது. கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடிச் சுருதி ஏறும். 233-இல் கிளம்பி 247-ஐத் தொடாமல் வழியிலேயே நின்றுகொள்ளலாம்.