சங்ககிரி தாண்டினால் தூங்கலாமா?

தானே ஓடும் கார் என்றதும் எத்தனையாவது நிலை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எஸ்.ஏ.இ என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் வகுத்த கணக்கு அது. 0 என்றால் எல்லாம் நம் கையில், 5 என்றால் எந்த ரோட்டிலும் எந்த மழையிலும் ஓட்ட ஆளே வேண்டாம். அந்த 5ஆம் நிலை வண்டி இன்னும் எங்கும் விற்பனைக்கு வரவில்லை. எனக்கு எண் முக்கியமே கிடையாது, ஓடும்போது ரோட்டைப் பார்க்க வேண்டியது நானா வண்டியா, அது தெரிந்தால் போதும்.

இப்போது அடாஸ், அதாவது ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு, என்று விற்கிற கார்களில் பல 2ஆம் நிலை. ரேடாரும் கேமராவும் முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் குறைக்கும், வெள்ளைக் கோட்டுக்குள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துவைக்கும், ஆனால் உங்கள் கண் ரோட்டை விட்டு அகலக் கூடாது. பெருந்துறைப் பக்கம் ரோடு காலியாகக் கிடக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டே இருப்பது ஓட்டுவதை விடக் கஷ்டம். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1948லேயே இதைச் சோதனையாக வெளியிட்டார்: ஒரு முள் படிப்படியாக நகரும், எப்போதாவது ஒரு படியைத் தாண்டிக் குதிக்கும், அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் போனதுமே ஆட்கள் தவறவிட ஆரம்பித்தார்கள்.

3ஆம் நிலையில் வண்டியே பார்த்துக்கொள்ளும், முடியாதபோது நம்மைக் கூப்பிடும். ஜெர்மனியில் மெர்சிடிஸ் விற்ற அமைப்பு நெடுஞ்சாலையில் மட்டும் வேலை செய்தது, ஓட்டுநர் பொறுப்பேற்க 10 விநாடி கொடுத்தது. மணிக்கு 95 கிலோமீட்டரில் அதற்குள் கால் கிலோமீட்டர் போய்விடும். படம் பார்க்கலாம், தூங்க முடியாது.

தூக்கம் வருவது 4ஆம் நிலையில்தான். குறிப்பிட்ட இடத்துக்குள் மட்டும் ஓடும், சிக்கல் வந்தால் யாரையும் எழுப்பாமல் தானே பத்திரமாக நின்றுவிட வேண்டும், அதனால் பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடும் வண்டியிலேயே இருக்கும். அமெரிக்காவின் பீனிக்ஸ் பகுதியில் வேமோ என்ற நிறுவனத்தின் கார் 2020 முதல் ஓட்டுநரே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு போகிறது.

சரி, நம்ம பக்கத்துக்கு எது போதும்? கோவை உக்கடத்தையோ திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையோ வண்டி ஓட்டித் தர வேண்டியதே இல்லை. சேலம்-கோவை ரோட்டில் சங்ககிரியிலிருந்து செங்கப்பள்ளி வரை நாலுவழிச் சாலையில் மட்டும் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால், ராத்திரி நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி வருகிற டிரைவர் அண்ணன் அவ்வளவு நேரமாவது கண்ணை மூடலாம். ஊர் முழுக்க அரைகுறையாக ஓட்டுகிற வண்டியை விட இது ஆயிரம் மடங்கு மேல் என்பேன்.

ஆனால் அதுவும் லேசில்லை. எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் மொபெட்டைக் கூட லைடார் என்ற கருவி லேசர் வீசிக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ரோட்டில் ஒடித்துப் போட்ட மரக்கிளைக்கு அந்தப் பக்கம் பழுதான லாரி நிற்கிறது என்பதை யாராவது அதற்குக் கற்றுத்தர வேண்டும். அப்புறம், பத்திரமாக ஓரங்கட்டி நில் என்றால் ஓரம் காலியாக இருக்க வேண்டுமே, அங்கே ஏற்கெனவே டீ குடிக்க நாலு லாரி நிற்கும்.