வெளியே நிற்பது யாருக்குத் தண்டனை?

நாலாம் வகுப்புப் பையன். தினமும் இரண்டாவது பீரியடில் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், இல்லையென்றால் பென்சிலால் குத்துவான். டீச்சர் "வெளியே போய் நில்லு" என்பார். போய் வராந்தாவில் நிற்பான். அடுத்த பீரியடு தொடங்கியதும் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே வந்து உட்காருவான். வாய்க்கணக்கு கேட்டால் முதலில் கை தூக்குகிறவனே அவன்தான்.

"மேடம், இவனை உங்க சென்டருக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மா தினம் சண்டைக்கு வர்றாங்க." தலைமையாசிரியை என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்.

நான் அரசுப் பள்ளிகளுக்குப் போகும் சிறப்புப் பயிற்றுநர். வட்டார வள மையத்திலிருந்து நாளுக்கு ஒரு பள்ளி என்று பஸ் பிடித்துப் போகிற வேலை. சேட்டை, திமிர், சோம்பேறி, மக்கு. இந்த நாலில் ஒன்றைச் சொல்லித்தான் பிள்ளையை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். குறைபாட்டைச் சந்தேகித்து அனுப்புவது அபூர்வம். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கண்ணில் படுவது நடத்தைதான். அதற்குப் பின்னால் இருப்பதைத் தேட நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் மிச்சப்படுத்த என்னிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் பத்தியில் அதற்கு முன்னால் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுத வேண்டும். நடுவில் பிள்ளை என்ன செய்தான். கடைசியில், செய்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. "அடங்கவே மாட்டேங்கிறான்" என்றெல்லாம் எழுதக் கூடாது. "10.40, வாசிப்பு, கிள்ளினான், வெளியே அனுப்பினேன்." அவ்வளவு போதும்.

டீச்சர் சிரித்தார். "ஏற்கெனவே இருக்கிற ரெஜிஸ்டர், ஆன்லைன்ல ஏத்துற எமிஸ் விவரம் எல்லாம் போதாதா மேடம்?" நியாயமான கேள்விதான். இருந்தாலும் இரண்டு வாரம் எழுதினார்.

எழுதியதைப் பிரித்துப் பார்த்தபோது விளக்கவே தேவைப்படவில்லை. பத்துப் பதிவில் எட்டு தமிழ்ப் பாட வேளையில், பிள்ளைகளை வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்லும்போது. இவன் முறை வர இரண்டு மூன்று பேர் இருக்கும்போது கை நீளும். வெளியே அனுப்பிவிடுவார்கள். வாசிக்க வேண்டியதில்லை. தண்டனை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு விடுதலை. அவன் தேடிய வழியை நாமே தினமும் திறந்துவிட்டிருக்கிறோம்.

தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். பாடத்தை மனப்பாடமாக வைத்திருந்தான், அதனால் முதல் பத்தி கடகடவென்று வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு அவன் பார்த்திராத சொற்களை எழுதிக் காட்டினேன். "கொடி" என்பதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். "கெ... கா... டி?"

தமிழில் வாசிப்புச் சிக்கல் எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்லெக்சியா என்றாலே ஆங்கிலத்தில் 'பி', 'டி' எழுத்துகளை மாற்றிப் போடுவது என்று எங்கோ படித்திருப்பார்கள். நம் எழுத்தில் சங்கதி வேறு. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுத்துக்கு முன்னால் போடுகிறோம், ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. மூன்றையும் ஒரே ஓசையாகச் சேர்க்க வேண்டும். 'கடல்' என்பதில் இருக்கும் க வேறு ஓசை, 'பகல்' என்பதில் இருக்கும் க வேறு ஓசை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதெல்லாம் தானாகப் பழகிவிடும். சிலருக்குப் பழகாது. அறிவு குறைவு என்பதால் அல்ல. எழுத்தையும் ஓசையையும் சேர்க்கிற வேலை அவர்கள் மூளையில் சிரமப்பட்டு நடக்கிறது. (ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்காதீர்கள். அந்தக் கணக்கில் பாதி ஊரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.)

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. முதலாவதில் பிள்ளை கேட்டுப் புரிந்துகொள்வான், பேசுவான், யோசிப்பான். வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் ஏதோ ஒன்றில் மட்டும் தடுக்கும். இரண்டாவதில் புதிதாக எதைக் கற்கவும், உடுத்துவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்குவது போன்ற அன்றாட வேலைகளைப் பழகவும் கூடுதல் காலம் பிடிக்கும். ஆசிரியர் அறையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: மக்கு.

சட்டத்தில் வகைகள் நிறைய. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு, தசைச்சிதைவு நோய், ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் இத்தனை வகை இருக்கிறது என்ற நினைப்பு இருந்தால், ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லும் முன் நாக்கு கொஞ்சம் தயங்கும்.

தசைச்சிதைவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பு. பிரேயரில் உட்கார்ந்து எழும்போது எல்லோரும் எழுந்துவிடுவார்கள், ஒருவன் மட்டும் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மீதே ஏறுவது போல எழுவான். மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டான். பி.டி. வாத்தியார் கண்ணுக்குச் சோம்பேறி. உண்மையில் அது டுஷென் வகைத் தசைச்சிதைவின் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. இந்தப் பையனைக் கூடுதலாக ஒரு ரவுண்டு ஓட விடுவது திருத்துவது ஆகாது.

அதனால் நான் எந்த நடத்தைப் புகாருக்கும் முதலில் உடம்பைத்தான் பார்க்கச் சொல்வேன். காது, கண், தூக்கம், காலைச் சாப்பாடு. ஆறாம் வகுப்பில் ஒரு பெண். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், "திமிர் பிடிச்சவ" என்று பெயர். சில நாள் நன்றாகப் பதில் சொல்வாள், அதனால் நடிப்பு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். விசாரித்தால் சின்ன வயதிலிருந்து காதில் சீழ் வடிகிறது. நடுக்காதில் நீரோ சீழோ கட்டும்போது கேட்கும் திறன் குறையும், வடிந்தால் கொஞ்சம் தெளியும். நல்ல நாளும் கெட்ட நாளும் அப்படி வந்ததுதான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். முதல் பெஞ்சுக்கு, நல்ல காது டீச்சர் பக்கம் வருகிற மாதிரி மாற்றினோம். திமிர் போன இடம் தெரியவில்லை.

அமைதியான பிள்ளைகள்தான் எனக்குப் பயம். அடிக்கிற பையனைப் பற்றி ஊரே பேசும். எழுதிக்கொண்டிருக்கும்போது சில விநாடி கண் நிலைகுத்தி நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதுகிற பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பகல் கனவு என்று விட்டுவிடுவார்கள். பகல் கனவு காண்கிறவளைத் தோளில் தட்டினால் திடுக்கிட்டுத் திரும்புவாள். தட்டியும் அந்தச் சில விநாடி திரும்பவில்லை, ஒரு நாளில் பல முறை இப்படி ஆகிறது என்றால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். விழுவதும் இல்லை, கை கால் இழுப்பதும் இல்லை. அப்படி நிற்பதை வீட்டில் செல்போனில் வீடியோ எடுத்து வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி. மருந்து இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இன்னொரு மாதிரி. மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவனைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினால் கடிப்பான். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் அவனுக்கு வலியாகவே இருக்கலாம். மணி அடிக்க இரண்டு நிமிடம் முன்னால் சொல்லிவிட்டு, மணியிலிருந்து தள்ளி இருக்கும் பக்கம் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். அன்றைய நாள் எப்படிப் போகும் என்று படங்களாக வரைந்து ஒரு கயிற்றில் துணி கிளிப் போட்டு மாட்டிவிடலாம். ஒவ்வொரு வேளை முடிந்ததும் அவனே ஒரு படத்தைக் கழற்றுவான். செலவு இருபது ரூபாய்கூட ஆகாது. பேச்சையும் நேராக வைத்துக்கொள்ள வேண்டும். "புக்கைக் கரைச்சுக் குடிச்சிருக்கணும்" என்று சொன்னால் சிலர் புத்தகத்தையும் தண்ணீர் பாட்டிலையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

துறுதுறு பிள்ளைகள், ஏடிஹெச்டி என்று சொல்லப்படுகிறவர்கள், இவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சாக்பீஸ் வாங்கிவர அனுப்புங்கள், பத்துக் கணக்கை ஐந்து ஐந்தாகக் கொடுங்கள், வாசல் ஓரம் உட்கார வைக்காதீர்கள். ஓடாமல், கவனம் மட்டும் நழுவிக்கொண்டே இருக்கும் வகையும் இதில் உண்டு. 21 வகைப் பட்டியலில் ஏடிஹெச்டி தனியாக இல்லை, அதனால் சான்றிதழுக்காகப் பெற்றோரை அலைய விடுவதற்கு முன் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை வேண்டுமா என்பது மருத்துவர் வேலை. "மாத்திரை போட்டாத்தான் உள்ளே விடுவோம்" என்று சொல்லப் பள்ளிக்கூடத்துக்கு உரிமை இல்லை.

எனக்கும் சறுக்கியிருக்கிறது. ஒரு பிள்ளை வகுப்பில் வினோதமாகக் கத்தும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்காகவே மறுபடியும் கத்தும். நோட்டில் அது தெளிவாகவே தெரிந்தது. "கண்டுக்காதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனால் டீச்சர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சத்தம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. இது நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இதுவரை கிடைத்த கவனம் திடீரென்று நின்றால் பிள்ளை முதலில் இன்னும் பலமாக முயற்சி செய்யும், அப்புறம்தான் குறையும். அதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. இன்னொன்றையும் விட்டுவிட்டேன். கத்தும்போது பார்க்காதீர்கள் என்று சொன்னேனே தவிர, கத்தாமல் இருக்கும்போது போய்ப் பாருங்கள், பேசுங்கள் என்று சொல்லவில்லை. கவனத்தைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? அந்த டீச்சரின் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு பருவம் ஆனது.

அடியைப் பற்றி ஒரு வரி. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. "உங்க பிள்ளையா நினைச்சு அடிங்க" என்று பெற்றோரே சொன்னாலும் அது மாறாது.

எல்லாமே குறைபாடு என்றும் நினைத்துவிடாதீர்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கினாலோ, மூர்க்கமானாலோ, வீட்டுக்குப் போகப் பயந்தாலோ, முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் அதைத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் ஆசிரியர் அறையில் எழுதி ஒட்டுங்கள்.

தேர்வுச் சலுகை பற்றி நான் தலைமையாசிரியர்களிடம் சலிக்காமல் சொல்வது: பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடி வராதீர்கள். ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு இவை எல்லாம் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் உண்டு. ஆனால் மருத்துவச் சான்று, விண்ணப்பம், அனுமதி என்று காலம் பிடிக்கும். சலுகை கிடைத்துவிட்டது என்று வாசிக்கக் கற்றுக்கொடுப்பதை நிறுத்துவதும் எனக்கு உடன்பாடு இல்லை. தேர்வுக்கு எழுதித் தர ஆள் வருவார். பஸ் போர்டைப் படித்துச் சொல்ல யார் கூட வருவார்கள்?

சரி, நாலாம் வகுப்புப் பையன். அவனை எதிர்பாராமல் எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினோம். நாளை வாசிக்க வேண்டிய நான்கு வரியை இன்றே கொடுத்தனுப்பினோம், அவன் அக்கா உட்கார்ந்து கூடவே படித்தாள். முடியவில்லை என்றால் மேசையில் ஒரு சிவப்பு அட்டையை வைக்கலாம், முறை அடுத்தவனுக்குப் போய்விடும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதாவது கிள்ளாமலேயே தப்பிக்க ஒரு வழி. முதல் வாரம் தினமும் அட்டை வைத்தான். டீச்சருக்குக் கோபம் வந்தது, எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. பிறகு குறைந்தது. கூடவே வாரம் இரண்டு நாள் கொம்பு, கால், சுழி என்று எழுத்தைப் பிரித்துச் சேர்க்கிற பயிற்சி. மணலில், மாவில், முதுகில் விரலால்.

அம்மாவுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. "சர்டிபிகேட் வாங்கினா கல்யாணத்துக்குப் பிரச்சினை வருமா மேடம்?" பத்து வயசுப் பையனுக்கு. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். அவர் பயம் நிஜம். மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

இப்போது அவன் ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. தட்டித் தடவி வாசிப்பான். தொடக்கப் பள்ளியில் கட்டியதெல்லாம் டி.சி. வாங்கும்போது காணாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் போகும், சாதிச் சான்று போகும், இந்தப் பையனை எதிர்பாராமல் எழுப்பாதீர்கள் என்ற தகவல் போகாது. அதனால் அந்த நாற்பது பக்க நோட்டையே கொண்டுபோய் புது வகுப்பாசிரியரிடம் கொடுத்தேன். வாங்கி மேசை டிராயரில் போட்டார். பிரித்துப் பார்த்தாரா என்று செவ்வாய்க்கிழமை போனால்தான் தெரியும்.