வாழ்த்து அட்டையை யாராவது இன்ஸ்டால் செய்வார்களா?

வாட்ஸ்அப்பில் வாழ்த்து அட்டை என்று வந்ததைத் திறந்து மாட்டிக்கொண்டு, தை பிறந்ததிலிருந்து என் கடைக்கு வந்த மூன்றாவது போன் இது. சென்னை ரிச்சி தெருவில் பதினாறு வருடமாக போன் பழுது பார்க்கிறேன். டிஸ்ப்ளே உடைந்து வந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம். சேமித்த பணத்தைப் பறிகொடுத்துவிட்டு கையில் போனோடு நிற்பவருக்கு என்ன செய்ய முடியும்?

இந்த முறை வந்தவர் வில்லிவாக்கத்தில் இருக்கும், ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. அண்ணன் மகனின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்து வந்திருக்கிறது. "வில்லிவாக்கம் அத்தைக்கு என் அன்புப் பரிசு, திறந்து பாருங்கள்" என்று ஒரு வரி, கூடவே ஒரு கோப்பு. தொட்டதும் போன் ஏதோ எச்சரித்தது, அவர் 'அனுமதி'யை அழுத்தினார். மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் மூன்று முறையாக 84,000 ரூபாய் போய்விட்டது. "ஓடிபியை நான் யாருக்கும் சொல்லவே இல்லையே" என்று அழுகிறார். சொல்லத் தேவையே இல்லை. மெசேஜ் படிக்கிற அனுமதியைத்தான் கொடுத்துவிட்டாரே.

நான் விளக்க விளக்க, அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "என் பேரு போட்டு வந்திருக்கே தம்பி! வெளியாளுக்கு எப்படித் தெரியும்?"

இந்த எண்ணம்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது. அதனால் பொறுமையாகப் படியுங்கள். "உங்க அண்ணன் மகன் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டேன். "அத்தைன்னுதான்." நேரில் யாராவது அத்தையை 'வில்லிவாக்கம் அத்தை' என்று கூப்பிடுவார்களா? அது அந்தப் பையன் தன் போனில் நம்பரைச் சேமித்து வைத்திருக்கும் பெயர். அண்ணன் மகனின் போன் ஏற்கெனவே இதே மாதிரி ஒரு கார்டில் மாட்டியிருக்கிறது. உள்ளே போன செயலி தொடர்புப் பட்டியலை அள்ளிக்கொண்டு, அதில் இருந்தவர்களுக்கெல்லாம் அவரவர் பெயரோடு வாழ்த்து அனுப்பியிருக்கிறது. அனுப்பிய நம்பர் சொந்தக்காரருடையதுதான், அனுப்பியது அவர் இல்லை. 'உங்கள் பெயரில் வாழ்த்து' என்று சுற்றும் லிங்குகளிலும் அப்படித்தான். தட்டச்சு செய்த எந்தப் பெயரும் படத்தின் மேல் வந்து உட்காரும். பெயர் இருக்கிறது என்பதற்காக அட்டையை நம்பாதீர்கள்.

இது புது வித்தையும் இல்லை. 2007-லேயே 'ஸ்டார்ம்' என்ற வைரஸ், நண்பர் அனுப்பிய வாழ்த்து அட்டை என்று சொல்லியும் மின்னஞ்சல் வழியாக உலகம் முழுக்கக் கணினிகளில் நுழைந்தது. அப்போது கணினி, இப்போது அம்மாவின் போன்.

சின்ன வயதில் பொங்கல் வாழ்த்து வாங்கி, கவரை ஒட்டாமல் மடித்துச் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதி அனுப்புவோம். அட்டை என்றால் அவ்வளவுதான், எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கலாம். இன்றைக்கும் படமோ வீடியோவோ பிடிஎஃபோ வந்தால் பார்க்கலாம். கோப்பின் பெயர் 'ஏபிகே' (.apk) என்று முடிந்தால் அது வாழ்த்தும் இல்லை, கல்யாணப் பத்திரிகையும் இல்லை. அது ஒரு செயலி. தொடவே தொடாதீர்கள். 'தெரியாத செயலியை நிறுவ அனுமதிக்கவா' என்று போன் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். அனுப்பியவருக்கு உடனே போன் போட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கும்போது கேட்கும் ரகசிய எண்ணை, அதாவது இரண்டு-படி சரிபார்ப்புக்கான பின் நம்பரை, இன்றே வையுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

தொட்டுவிட்டீர்களா? முதலில் ஃப்ளைட் மோடு. வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். பாஸ்வேர்டை அதே போனில் மாற்றாதீர்கள், புதியதும் திருடர்களுக்கே போகும். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, பணம் கை மாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, வங்கியிடம் சொன்ன பிறகும் பணம் போனால் அந்த நஷ்டம் வங்கியுடையது. அதற்கு முன் போனது உங்கள் கவனக்குறைவு என்று ஆனால் உங்கள் தலையில்தான் விழும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் மறைத்து வைக்காதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து நேராக என்னிடம் வந்து "ரீசெட் போட்டுக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். வந்த மெசேஜ், கோப்பு, வங்கி எஸ்எம்எஸ் எல்லாம் அதோடு அழிந்துவிடும். முதலில் அவற்றை வேறொரு போனால் படம் எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். ரீசெட் அதற்குப் பிறகு.

விதவிதமாக கார்டு செய்து அனுப்பும் பிள்ளைகளே, ஆசையாகச் செய்கிறீர்கள், செய்யுங்கள். லிங்காக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள். கூடவே "அத்தை, கார்டு அனுப்பியிருக்கேன், வெறும் போட்டோதான்" என்று உங்கள் குரலிலேயே ஒரு வார்த்தை பேசி அனுப்புங்கள். டீச்சரம்மாவின் அண்ணன் மகனுக்கு என் கடையிலிருந்துதான் போன் போட்டோம். தன் நம்பரிலிருந்து இப்படி ஒன்று போனதே அவருக்குத் தெரியவில்லை. "இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்குன்னு பாருடா" என்றார் டீச்சரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.