ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில், சுருளோடு பக்கத்து மலையடிவாரத்தில் தொடங்கி, பூதப்பாண்டி, தாழக்குடி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேரும் பழையாறு, நாற்பது கிலோமீட்டர் நீளத்தைக்கூட எட்டாத சிற்றாறு. அந்தக் குறுகிய ஓட்டத்துக்குள்ளேயே அது இரண்டு வேறு ஆறுகளாக இருக்கிறது. மேற்பகுதியில் அடிமணல் தெரிய ஓடும் நீர், நாகர்கோவில் நகரத்தின் கழிவு ஓடைகள் வந்து விழுந்த பிறகு கறுத்து, ஆகாயத்தாமரை மூடி, வாடையடிக்கத் தொடங்குகிறது. அவ்வப்போது பொக்லைன் இறங்குகிறது. ஆகாயத்தாமரை வண்டி வண்டியாகக் கரையேறுகிறது. அடுத்த கோடைக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. செய்த வேலையில் அக்கறை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால், ஆறு தனக்குள் வந்து சேரும் அழுக்கை எப்படிக் கையாளுகிறது என்று பார்த்தால், அந்த வேலை ஏன் நிலைப்பதில்லை என்பது வேறுவிதமாக விளங்கும்.

வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுக்கின் பெரும்பகுதி உயிரிலிருந்து வந்த பொருளே: மலம், சோற்றுக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, காய்கறித் தோல். ஆற்று நீரில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள் இவற்றைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் மாற்றிவிடுகின்றன. இதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருந்தாலும், நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கக் கூடியது சுமார் ஏழரை மில்லிகிராம்தான். மறுபுறம், ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரைச் செரிக்கப் பாக்டீரியாக்கள் கேட்பது ஏறத்தாழ 200 மில்லிகிராம். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்று கொண்டால், ஆறு செலவழிக்கக் கூடிய கையிருப்பு மூன்றரை மில்லிகிராமே. அதாவது, ஒரு குடம் சாக்கடைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட குடம் நல்ல ஆற்றுநீர் ஈடு கொடுக்க வேண்டும். கோடையில் பழையாற்றில் அந்த ஐம்பது குடம் எங்கே இருக்கிறது?

செலவான ஆக்சிஜனைக் காற்றிலிருந்து நீர் மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. செலவும் வரவும் ஒரே நேரத்தில் நடப்பதால், கழிவு கலந்த இடத்திலிருந்து கீழ்நோக்கிப் போகப் போக ஆக்சிஜன் அளவு முதலில் சரிந்து, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பின் ஏறுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து, இந்தச் சரிவைக் கணிதச் சமன்பாடாக 1925-இல் எழுதிக் காட்டியவர்கள் ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர். அவர்கள் கணக்கின் முக்கியமான செய்தி, மிக மோசமான இடம் சாக்கடை விழும் வாயில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் என்பதே. ஆகவே ஒழுகினசேரியில் கலப்பதன் விளைவை ஒழுகினசேரிப் பாலத்தடியில் மட்டும் அளந்து பார்த்தால் போதாது. சுசீந்திரம் வரையிலான ஓட்டம் முழுவதிலும் அளக்க வேண்டும். அடிமட்டம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டாலோ, ஆக்சிஜன் தேவைப்படாத வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை வாடை. அதுவே நீரிலுள்ள இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது.

ஆக்சிஜன் வரவு எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது ஆற்றின் உருவத்தைப் பொறுத்தது. ஆழம் குறைந்து, பாறையிலும் கூழாங்கல்லிலும் அடித்துப் புரண்டு ஓடும் நீர் விரைவாகக் காற்றை வாங்கிக்கொள்ளும். ஆழமாகவும் அசையாமலும் கிடக்கும் நீர் வாங்காது. திற்பரப்பில் விழும் கோதையாறு இதில் கொடுத்துவைத்த ஆறு. பழையாற்றின் நிலை வேறு. சோழன்திட்டை, வீரநாராயணமங்கலம், சபரி, குமரி, மிஷன் என அடுத்தடுத்து அணைக்கட்டுகள் அதில் உள்ளன. மேல் வயலில் வடிந்த நீர் ஆற்றில் இறங்கி, அடுத்த அணைக்கட்டில் மறித்துக் கீழ் வயலுக்குத் திருப்பப்படும் இந்த ஏற்பாட்டால்தான் நாஞ்சில் நாடு கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களையும் விளைவித்தது. அந்த அணைக்கட்டுகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் தேங்கும் நீரில் நெல்வயல் வடிநீர் மட்டும் இருந்த காலம் வேறு, சாக்கடையும் சேர்ந்து தேங்கும் காலம் வேறு. மணல்போக்கி மதகுகளைப் பழுது நீக்கி, மழைக்காலத்தில் முறையாகத் திறந்துவிட்டாலே அடியில் படிந்த கறுப்புச் சேற்றில் பெரும்பகுதி நகர்ந்துவிடும்.

ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி கையில் இல்லாவிட்டாலும் வழி உண்டு. குலசேகரத்துக்கு மேலே ஏதேனும் ஓடையில், முழங்கால் அளவு நீரில் ஓர் உருளைக்கல்லைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அரிசி நீளத்தில், மணல் துகள்களாலேயே செய்யப்பட்ட சிறு குழல்கள் ஒட்டியிருக்கும்; தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டுநூலால் மணலை ஒட்டிக் கட்டிய அந்தக் குழலுக்குள் ஒரு பூச்சியின் புழு இருக்கிறது. பக்கத்திலேயே, வயிற்றின் இரு ஓரங்களிலும் இலை போன்ற செவுள்களை அசைத்துக்கொண்டு, வாலில் இரண்டு அல்லது மூன்று நீண்ட இழைகளோடு, தட்டையான இன்னொரு பூச்சியின் இளம் பருவம் கல்லோடு கல்லாகப் பதுங்கும். இவை ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மறைபவை. சாக்கடை கலந்த சேற்றை ஒரு கை அள்ளிக் கழுவினால் கிடைப்பது இரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள்; அவற்றின் சிவப்புக்குக் காரணம் நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகைப் பொருளே. கிடைக்கும் சொற்ப ஆக்சிஜனைப் பிடித்து வைக்க அது அவற்றுக்கு உதவுகிறது. ஒரு முறை எடுத்த நீர் மாதிரி அந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். இந்தப் பூச்சிகளோ பல வாரங்கள் அங்கேயே வாழ்ந்த சாட்சிகள்.

இனி மணலுக்கு வருவோம், ஏனெனில் இந்த மாவட்டத்து ஆறுகளில் நாம் அதிகம் இழந்தது அதைத்தான். ஆறு என்றால் மேலே ஓடும் நீர் என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் ஒரு பகுதி எப்போதும் மணலுக்குள் இறங்கி, சில அடி தூரமோ சில நூறு அடி தூரமோ அடியிலேயே ஊர்ந்து, மீண்டும் மேலே வருகிறது. மணல் படுகையின் கனஅளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளியே. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாப் படலம் படர்ந்திருக்கிறது. ஊர்ந்து செல்லும் நீரிலுள்ள அழுக்கையும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியையும் அது பிடித்துத் தின்றுவிடுகிறது. இதே இயக்கத்தைத் தொட்டிக்குள் அமைத்து, 1829-இல் லண்டனின் செல்சி பகுதியில் குடிநீருக்கு மணல் வடிகட்டி கட்டினார்கள். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, அதே எல்பே ஆற்றின் நீரை மணலில் வடித்துக் குடித்த அடுத்த நகரமான அல்டோனா பெருமளவு தப்பியது. நம் ஆறுகளின் படுகையில் உறைகிணறு இறக்கி ஊர்களுக்குக் குடிநீர் எடுப்பதும் இந்த வடிகட்டியை நம்பித்தான்.

மணலை அள்ளினால் வடிகட்டி போகும் என்பதோடு கதை முடிவதில்லை. ஓரிடத்தில் குழி தோண்டினால், ஆறு வந்து இறங்கும் அதன் விளிம்பில் நீர் செங்குத்தாக விழுந்து படுகையை அரிக்கத் தொடங்கும். அந்த அரிப்பு ஆற்றோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி ஏறிச் செல்லும். தோண்டிய இடத்துக்கு வெகு மேலே உள்ள பாலத்தின் அடித்தளம் வெளியே தெரிவது இதனால்தான். படுகை தாழ்ந்தால் ஆற்றின் நீர்மட்டமும் தாழும். கரையோரக் கிணறுகளின் நீர் அதை நோக்கி வடியும். அடுத்த வெள்ளத்தில் புது மணல் வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையும் இங்கே செல்லாது. கோதையாற்றின் குறுக்கே 1906-இல் முடிந்த பேச்சிப்பாறையும், பரளியாற்றின் குறுக்கே உள்ள பெருஞ்சாணியும், சிற்றாறு அணைகள் இரண்டும் மலையிலிருந்து வரும் மணலைத் தங்கள் அடியிலேயே நிறுத்திக்கொள்கின்றன. அணையிலிருந்து மணலற்று வெளியேறும் நீருக்கு அரிக்கும் வலு மிச்சமிருக்கும். அது கீழே இருக்கும் படுகையையும் கரையையும் தின்று தன் சுமையை நிரப்பிக்கொள்ளும். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறையாறாகத் தேங்காய்ப்பட்டணம் வரை ஓடும் ஓட்டத்தில் இன்று கிடக்கும் மணல், பெரும்பாலும் பழைய காலத்துச் சேமிப்பு. அதை எடுப்பது முதலை எடுப்பதாகும், வட்டியை அல்ல.

கரைக்கு வேறொரு வேலை உண்டு. வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வடியும் நீரில் உரத்தின் நைட்ரேட் கரைந்து வருகிறது. கரையோரத்து ஈர மண்ணில், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில், வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் கிடைக்கும் கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் இந்த நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. உரம் ஆற்றைச் சேருமுன் காற்றாகிப் போகிறது. இதற்குத் தேவை, மரமும் புதரும் நிற்கும் சில மீட்டர் அகல ஈரக்கரை. நம் ஊர்த் தோடுகளின், அதாவது சிற்றோடைகளின், ஓரத்தில் கைதையும் (தாழை) புன்னையும் புங்கும் நின்றது வேலிக்காகவும் மண் சரியாமல் இருக்கவும்தான் என்றாலும், இந்த வேலையும் அவற்றின் நிழலில் நடந்துகொண்டிருந்தது. கைதையை வெட்டி, இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதற்குத் தோடு சீரமைப்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுவர் கட்டிய தோட்டில் தண்ணீர் வேகமாகப் போகும்; போவதற்கு முன் சுத்தமாக அதற்கு நேரம் கிடைக்காது.

ஆகாயத்தாமரை இந்தக் கணக்கின் மிச்சம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகக் கூடியது. அது மூடிய நீரில் வெளிச்சம் இறங்காது; நீருக்குள் வாழும் பாசிகள் ஆக்சிஜன் உண்டாக்க முடியாது; மடிந்த செடி அழுக அதற்கும் ஆக்சிஜன் செலவாகும். இதைத் தின்னும் கூன்வண்டுகளை 1980-களில் வரவழைத்து இந்தியாவில் விட்டார்கள். சில ஏரிகளில் அவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் சாக்கடை உரம் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் ஆற்றில், வண்டு தின்னும் வேகத்தைச் செடி வளரும் வேகம் முந்திவிடுகிறது. பொக்லைனுக்கும் அதே கதிதான். அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்து அழுகவிட்டால், அதிலிருந்த உரம் அடுத்த மழையில் திரும்ப ஆற்றுக்கே வந்துவிடும். தொலைவுக்குக் கொண்டுபோய் மக்கவைத்துத் தென்னைக்கு இட்டால்தான் எடுத்தது எடுத்ததாகும்.

குளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவற்றைப் பற்றி நிறையவே பேசப்பட்டிருக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பறவைகளுக்காக என்று பலரும் எண்ணுகிறார்கள். அவை வண்டலைப் படியவைக்கும் தொட்டிகளும்கூட. வெள்ளத்தின் உச்சத்தைத் தாங்கிக்கொண்டு மெல்ல விடுபவையும்கூட. 2021 நவம்பர் மழையில் மாவட்டம் மூழ்கியபோது, தூர்ந்த குளமும் அடைபட்ட மறுகாலும் எந்தத் தெருவில் இருந்தன என்பதைத் தண்ணீரே காட்டியது.

ஆக, வேலையின் வரிசை தானாகவே அமைகிறது. முதலில் சாக்கடை, அது நிற்காத வரை மற்ற எதுவும் நிலைக்காது. பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்காகக் காத்திராமல், ஆற்றில் விழும் ஒவ்வொரு ஓடையின் வாயிலுக்கு முன்னும் ஜல்லிப் படுகையில் நாணலும் சம்பும் வளர்த்து அதன் வழியே கழிவுநீரை மெல்லச் செலுத்தினால், மணல் படுகையில் நடக்கும் அதே வேலை அங்கே நடக்கும். இடம் அதிகம் வேண்டும், பராமரிப்பும் வேண்டும். ஆனால் மின்சாரம் மிகக் குறைவாகவே வேண்டும். அடுத்தது மணல், கரை. கடைசியாகச் சொன்னாலும் கடைசியாக வைக்கக் கூடாதது, தண்ணீர்.

பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் பொதுவாகப் பாசனத்துக்காக ஜூனில் திறக்கப்பட்டு, பிப்ரவரி இறுதியில் மூடப்படுகின்றன. மார்ச்சிலிருந்து மே வரை ஆற்றில் ஓடுவது நிலத்தடியிலிருந்து கசியும் நீரும், நகரத்தின் கழிவும். அந்த மாதங்களில்தான் கடலும் உள்ளே வருகிறது. உப்புநீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் கனமானது. அதனால் ஆற்று வேகம் குறைந்தால் அது ஆறு கடலைச் சேரும் பொழிமுகம் வழியாக அடித்தரையை ஒட்டி ஆப்பு போல நுழைகிறது. நிலத்தடியிலும் இதே கணக்குதான்: கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த உறவின்படி, கடலோரத்தில் நன்னீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் எல்லை காலப்போக்கில் நாற்பது அடி வரை ஏறக் கூடும். குழித்துறையாற்றில் பரக்காணியில் கட்டிய தடுப்பணை உப்பை மறிக்கத்தான். அது மறிக்கும்; ஆனால் முட்டையிட ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வரும் மீனையும் விலாங்கையும், கடற்கரைக்குப் போக வேண்டிய மணலையும் அத்தகைய அணை சேர்த்தே மறிக்கும். மீன் ஏறும் படிவழியும் மணல்போக்கியும் இல்லாமல் முகத்துவாரத்தில் அணை கட்டுவதைவிட, கோடையில் அணைகளிலிருந்து ஆற்றுக்கென்று ஒரு சிறு பங்கைத் தொடர்ந்து விடுவது உப்பையும் தள்ளும், சாக்கடைக்கு ஈடான அந்த ஐம்பது குடத்தில் சிலவற்றையும் தரும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை, குடிநீர்த் திட்டங்களின் தேவையையும் அடுத்த கன்னிப்பூவுக்கான இருப்பையும் கழித்து, பிப்ரவரியில் அணையை மூடும் முன்பே கணக்கிட்டு வைக்க வேண்டும். மே மாதத்தில் கேட்டால் அணையில் கொடுக்க எதுவும் இருக்காது.