எச்.இ.யு. பிள்ளை: தமிழில் என்ன சொல்வது?

தாய்க்கு எச்ஐவி இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை. 'எச்ஐவி எக்ஸ்போஸ்ட் அன்இன்ஃபெக்டட்' என்பதைச் சுருக்கி மருத்துவர்கள் எழுதும் 'எச்.இ.யு.' சொல்வது இவ்வளவுதான். தமிழில் எழுதப் புகுந்தவர்களோ 'எச்ஐவி பாதித்த குழந்தை' என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளைக்கு வராத நோயை எழுதுகோல் கொடுத்துவிடுகிறது!

சிக்கல் 'எக்ஸ்போஸ்ட்' என்ற சொல்லில்தான். அதன் வேர் இலத்தீன்: 'எக்ஸ்' வெளியே, 'போனெரே' வைத்தல். பழைய ரோமில் வேண்டாத பச்சிளங்குழந்தையை வெளியே விட்டுவிடும் வழக்கத்துக்கும் இந்தச் சொல்தான். நேப்பிள்ஸ் பக்கம் இன்றும் பரவலாக உள்ள 'எஸ்போசித்தோ' என்ற குடும்பப்பெயர், அப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு இட்டது. வெயில், பனி, நோய் எதற்கும் மறைப்பின்றி இருத்தல் என்று பொருள் பின்னர் விரிந்தது. மலாய்க்காரர் சொல்லும் 'தெர்டெடா'வும் திறந்து கிடப்பதைத்தான் குறிக்கிறது. தமிழில் 'வெளிப்படுத்தப்பட்ட' என்றால் இரகசியம் அம்பலமானது போலிருக்கிறது. 'ஆளான' என்றால் நோய் வந்தே விட்டது.

நம்மிடம் 'அண்டு' இருக்கிறதே. நோய்நொடி அண்டக்கூடாது என்று சொல்லித்தானே பாட்டிமார் திருநீறு பூசுகிறார்கள்? அண்டுதல் கிட்ட வருதல்; தொற்றுதல் பற்றிக்கொள்ளுதல். வைரஸ் கிட்ட வந்தது, பற்றவில்லை: 'எச்ஐவி அண்டியும் தொற்றாத பிள்ளை'. பெயர் நீளம்தான், பொருள் பிசகவில்லை.

'தொற்றாத' என்று உறுதிசெய்யப் பொறுமை வேண்டும். தாயின் எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள், நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குச் சென்று 18 மாதம் வரைகூட இரத்தத்தில் தங்கும். அந்த வயதுக்குமுன் எதிர்ப்பொருள் சோதனையை நம்ப முடியாது. எனவே வைரஸையே தேடும் பிசிஆர் சோதனை. தொற்றைத் தடுக்க, பிறந்த உடனே சிடோவுடின் போன்ற எச்ஐவி மருந்தைச் சில வாரங்களுக்குத் திரவமாகப் புகட்டுவார்கள். தாய்ப்பால் வழியாகவும் வைரஸ் பரவலாம் என்பதால் மலேசியாவில் அதற்குப் பதில் பால்மாவே பொதுவாக அறிவுறுத்தப்பட்டு வந்திருக்கிறது. கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பத்தியம் காக்கும் வீட்டில் அது லேசான காரியமா? 'பால் ஊறவில்லையா?' என்று மாமியார் சுறாப்புட்டோடு வந்து நிற்பார். மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பவள் என்ன பதில் சொல்வாள்? மறைப்பின்றி நிற்பது அவள்தான்.

சிகிச்சை இல்லாவிட்டால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். மலேசியா 1998 முதல் கர்ப்பிணிகளுக்குச் சோதனை நடத்தி, 2018இல் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும் எச்ஐவியையும் சிபிலிசையும் ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு. அதனால் இங்கே இத்தகைய தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் 'தொற்றாத' பிள்ளைகளே.

பிறகு 'அண்டியும்' எதற்கு? பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில், இப்பிள்ளைகள் குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறப்பதும், முதல் வயதில் நிமோனியா போன்றவற்றால் மருத்துவமனையில் சேர்வதும் மற்றப் பிள்ளைகளைவிடச் சற்று அதிகம். பேச்சும் கைகால் இயக்கமும் சிலருக்குப் பிந்துகின்றன. தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள் குறைவு, தாய்ப்பால் இல்லாமை, கருவில் பட்ட மருந்துகள், தாயின் உடல்நலம், வறுமை என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. பல பிள்ளைகள் எந்தக் குறையுமின்றி வளர்கிறார்கள். ஆனாலும் பிசிஆர் முடிவு நல்லபடியாக வந்ததும் கிளினிக் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. தடுப்பூசி, எடை, பேச்சு மூன்றையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்கு மருத்துவரின் கோப்பில் இப்பெயர் இருந்தால் போதும். பிள்ளையின் உடலில் வைரஸ் இல்லை, யாருக்கும் பரவப்போவதில்லை. தாடிக்கா என்னும் பாலர்பள்ளியின் ஆசிரியைக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ இதைச் சொல்ல வேண்டிய தேவை எதுவுமில்லை.