மறுதழைவு: நட்ட காடும் தானாய் முளைத்த காடும்

ஆங்கிலத்தில் ரீஜெனரேஷன் என்று ஒரு சொல். பல்லிக்கு வால் திரும்ப முளைத்தால் நம் உயிரியல் பாடநூல் அதை 'இழப்பு மீட்டல்' என்கிறது. வெட்டிய காடு திரும்ப வந்தால் அதே சொல் 'மீளுருவாக்கம்' ஆகிவிடுகிறது. பல்லிக்குக் கிடைத்த பெயர் நல்ல பெயர். காட்டுக்குக் கிடைத்ததுதான் சரியாக உட்காரவில்லை. அது எங்கே இடறுகிறது என்பது ஸ்வீடன், பின்லாந்து பக்கத்து இளங்காடுகளைப் பற்றி நாலு வரி எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'ரே' என்றால் மறுபடி, 'கெனராரே' என்றால் பிறப்பித்தல். இந்தக் 'கென்' வேரும் வடமொழி 'ஜன்' வேரும் ஒரே குடும்பம். அதாவது நம் ஊரில் புழங்கும் சனம், சென்மம் எல்லாம் இந்தச் சொல்லுக்குத் தூரத்து உறவு. அந்தக் கணக்கில் ரீஜெனரேஷனை 'மறுசென்மம்' என்று எழுதினால் தப்பே இல்லை. ஆங்கிலத்திலும் அது முதலில் காட்டுச் சொல்லாக வரவில்லை. ஆன்மா மறுபிறப்பு எடுப்பதைச் சொல்லும் சமயச் சொல்லாகத்தான் வந்தது.

காட்டையே தொழிலாகக் கொண்ட மொழிகள் வேறு வழியில் போயின. ஜெர்மன்காரர்கள் 'ஃபெர்யுங்குங்' என்றார்கள், ஸ்வீடன்காரர்கள் 'ஃபோர்யுங்ரிங்' என்றார்கள். இரண்டுக்கும் பொருள் 'இளமையாக்குதல்'. உள்ளே இருக்கும் 'யுங்' என்பது இளமை. நம் 'யுவன்', 'யுவதி'யின் வடமொழி வேரோடு சேர்ந்தது. காடு சாவதில்லை, வயது குறைகிறது என்று பார்க்கும் பார்வை அது. பின்லாந்து மொழியில் 'ஊதிஸ்தாமினென்', அதாவது புதுப்பித்தல். தமிழில் அதை அப்படியே வைத்தால் ரேஷன் கார்டு நினைவுக்கு வந்துவிடும், விட்டுவிடலாம்.

வனத்துறைப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. காடு திரும்ப வரும் செயலுக்கும் அதே சொல், வந்து நிற்கும் இளங்கன்றுகளுக்கும் அதே சொல். "இங்கே ரீஜெனரேஷன் நன்றாக இருக்கிறது" என்று ஒரு வன அலுவலர் சொன்னால், கன்றுகள் அடர்த்தியாக நிற்கின்றன என்று பொருள். 'மீளுருவாக்கம் அடர்த்தியாக நிற்கிறது' என்று தமிழில் யாரும் எழுத மாட்டார்கள். முதல் இடறல் இது.

இரண்டாவது இடறல் பெரியது. அதற்கு ஸ்வீடன் காட்டுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

அங்கே காட்டை வெட்டியவர் மறுபடி காடு வளர்க்கக் கடமைப்பட்டவர் என்று 1903லேயே சட்டம் வந்துவிட்டது. எப்படி வளர்ப்பது? பழைய வழி, விதைமரம் விடுவது. நாம் விதைநெல் எடுத்துவைப்பது மாதிரி, ஹெக்டேருக்கு 50 முதல் 150 வரை நல்ல ஸ்காட்ஸ் பைன் மரங்களை வெட்டாமல் நிறுத்துவார்கள். அவை விதை உதிர்க்கும், கீழே கன்று முளைக்கும், சில ஆண்டுகள் கழித்து விதைமரத்தையும் வெட்டி எடுப்பார்கள். வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில் இது நன்றாக நடக்கும். ஸ்ப்ரூஸ் மரத்துக்கு வேர் மேலோட்டம். தனியாக விட்டால் காற்றில் சாய்ந்துவிடும், அதற்கு இந்த வழி ஒத்துவராது. பைனுக்கும் அவசரம் கிடையாது. இந்த வசந்தத்தில் மகரந்தம் பட்ட கூம்பு அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் முதிரும், அதற்கடுத்த வசந்தத்தில்தான் விதை உதிரும். வடகோடியில் கோடை போதிய வெப்பம் தராவிட்டால் விதை முதிராமலே போவதும் உண்டு.

இவ்வளவு காத்திருக்க யாருக்குப் பொறுமை? இன்றைக்கு அங்கே பெரும்பகுதி நடவுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி நாற்றுகள் நாற்றங்காலிலிருந்து காட்டுக்குப் போகின்றன. நடுபவர் கையில் ஒரு உலோகக் குழாய் இருக்கும். பின்லாந்தில் பிறந்த கருவி, பெயர் 'பொட்டிபுட்கி'. (நம் 'பொட்டி' இல்லை. பொட்டி என்றால் நாற்று நிற்கும் சிறு தொட்டி, புட்கி என்றால் குழாய்.) குழாயை மண்ணில் குத்தி, மேலிருந்து நாற்றைப் போட்டு, காலால் மிதித்தால் கீழே அலகு போல இரண்டாகப் பிளந்து நாற்றை மண்ணுக்குள் விடும். குழாயைத் தூக்கிவிட்டுக் காலால் மண்ணை அழுத்துவார், அடுத்த குழிக்கு நகர்வார். குனிய வேண்டியதே இல்லை. நாற்றின் அடித்தண்டை உற்றுப் பார்த்தால் சில சமயம் மணல் பூசியது போலவோ மெழுகு தோய்த்தது போலவோ இருக்கும். புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் வாசனைக்கு ஒரு சென்டிமீட்டர் நீளக் கூன்வண்டு ஒன்று வரும். வந்தது சும்மா இருக்காமல் பக்கத்து நாற்றின் பட்டையைக் கடித்து உரித்துவிடும். அதற்குத்தான் அந்தக் கவசம்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நடுவதற்கு முன்பு பாசியையும் மக்கையும் கீறி விலக்கி, அடிமண் தெரியும்படி செய்வார்கள். நாற்றுக்காகச் செய்த அந்தப் படுக்கையில் அழையாத விருந்தாளிகளும் வந்து இறங்குகிறார்கள். பிர்ச் என்ற அகல இலை மரத்தின் விதை மிக இலேசானது, சிறகுள்ளது. காற்றோடு வந்து, கீறிய மண்ணில் விழுந்து, ஹெக்டேருக்கு ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். பக்கத்துக் காட்டிலிருந்து பைன் விதையும் வரும். நட்ட நாற்றுகளில் சிலவற்றை வண்டு தின்னும், சில பனியில் போகும், சிலவற்றின் நுனியை மூஸ் மான் கடித்துவிடும். அந்த இடைவெளிகளில் தானாய் முளைத்தவை நிற்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து உள்ளே போனால், ஏட்டில் 'நடவுக்காடு' என்று இருக்கும் இடத்தில் நட்ட ஸ்ப்ரூஸும் நடாத பிர்ச்சும் பைனும் தோளோடு தோள் நிற்கின்றன. இரண்டு மீட்டர் இடைவெளியில் வரிசை லேசாகத் தெரிந்தால் நட்டது என்று ஊகிக்கலாம். பைனில் ஆண்டுக்கு ஒரு கிளையடுக்கு வரும். அடுக்கை எண்ணி, நட்ட ஆண்டோடு ஒத்துவருகிறதா என்றும் பார்க்கலாம். அதற்குமேல் அடித்துச் சொல்வது கடினம்.

அப்படியென்றால் நடவு, இயற்கை என்பவை காட்டை எப்படித் தொடங்கினார்கள் என்பதைச் சொல்லும் பெயர்கள். நிற்கும் ஒவ்வொரு மரத்தின் பிறப்புச் சான்றிதழ் அல்ல. இந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சொல் காட்ட வேண்டும்.

'மீளுருவாக்கம்' காட்டாது. ஏனென்றால் அது பிறவினை. உருவாகுதல் தன்வினை, உருவாக்குதல் பிறவினை. பின்னதிலிருந்து வந்தது உருவாக்கம். 'இயற்கை மீளுருவாக்கம்' என்றதும் யார் உருவாக்கினார் என்ற கேள்வி எழுகிறது. ஆக்கம் என்றால் பெருக்கம், செல்வம் என்றும் பொருள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டுதான். ஆனால் உருவோடு சேர்ந்த பிறகு அந்தப் பொருள் காதில் விழுவதில்லை. 'செயற்கை மீளுருவாக்கம்' இன்னும் மோசம். செயற்கைப் பூ, செயற்கைப் பட்டு என்று கேட்டுப் பழகிய நமக்கு, நட்ட ஸ்ப்ரூஸ் என்னவோ பிளாஸ்டிக் மரம் மாதிரி ஒலிக்கிறது.

நான் எழுதுவது 'மறுதழைவு'. தழைத்தல் தன்வினை. இலை விடுவதற்கும் அதுதான், குலம் தழைப்பதற்கும் அதுதான். ஜெர்மன் சொல்லின் இளமையும் லத்தீன் சொல்லின் பிறப்பும் இரண்டுமே இதில் வந்துவிடுகின்றன. ஆள் வைத்துச் செய்தால் 'தழைப்பித்தல்' என்று பிறவினையாக்கிக்கொள்ளலாம். வழிமுறைகளுக்கு நடவு, விதைப்பு, தன்முளைப்பு என்று மூன்று பெயர் போதும். விதைப்பைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்லாந்தில் பைன் விதையை நேரே மண்ணில் தூவுவதும் வழக்கம். அது நடவும் இல்லை, தன்முளைப்பும் இல்லை. நிற்கும் கன்றுகளைச் சொல்ல 'நட்ட கன்று', 'தன்முளைக் கன்று'. 'தான்தோன்றிக் கன்று' என்று எழுத ஆசைதான். ஆனால் தான்தோன்றித்தனம் என்று திட்டுச் சொல்லாகிவிட்ட பிறகு கன்றின் மேல் அதைச் சுமத்த வேண்டாம்.

விதையில்லாமல் வருபவற்றுக்குப் புதுச் சொல் தேடவே வேண்டாம், வயல் தந்துவிடுகிறது. வெட்டிய பிர்ச் கட்டையிலிருந்து கிளம்புவது மறுதாம்பு, கரும்பில் சொல்வதேதான். ஆஸ்பென் மரத்தின் வேரிலிருந்து தள்ளுவது வேர்க்கன்று. தாழ்ந்த ஸ்ப்ரூஸ் கிளை பனியின் பாரத்தில் மண்ணைத் தொட்டு வேர் பிடித்தால், அது தனக்குத் தானே பதியன் போட்டுக்கொள்கிறது. ஸ்வீடனின் ஃபூலுஃப்யெல்லெட் மலையில் 'ஓல்ட் ட்யிக்கோ' என்று ஒரு ஸ்ப்ரூஸ் இருக்கிறது. பார்த்தால் ஐந்து மீட்டர் உயரத்தில் மெலிந்த மரம். அடியில் கிடைத்த மரத்துண்டின் வயது கார்பன் காலக்கணிப்பின்படி 9,550 ஆண்டு. பழைய தண்டு சாகச் சாகப் புதுத் தண்டு வந்து, பதியனாலும் வேராலும் ஒரே உயிர் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. கண்டறிந்த லெய்ஃப் குல்மன் அதற்குத் தன் நாயின் பெயரை வைத்தார்.

எழுதிப் பார்க்க ஒரு வாக்கியம்: 'ஸ்ப்ரூஸ் நடவு செய்த இளங்காடு, நட்ட கன்றுகளுக்கிடையே பிர்ச் தன்முளைப்பு மிகுதி, மறுதழைவு நன்று, அடுத்த கோடையில் கலைத்துவிட வேண்டும்.' கடைசியில் வரும் 'கலைத்துவிடுதல்' எள்ளும் பருத்தியும் நெருக்கமாக முளைத்தால் மிகுதியை நீக்கி இடம்விடுவதுதான். அதையும் ஆங்கிலத்தின் 'ப்ரீ-கமர்ஷியல் தின்னிங்'கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'முன்வணிக மெலிவாக்கம்' என்று எழுதியவர்கள் இருந்தால், அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.